டர்போ காருக்கு விலை அதிகமான காயில் தேவையா? முதலில் பிளக் முனைகளின் இடைவெளியை (கேப்) பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும், மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது) இல்லாமல் ஓடும் காருக்கு, பிளக்கில் பொறி வர வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும் பவர் ஏறாது. ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி) பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றிய வண்டிக்குக் கதை வேறு. அங்கேயும் காயிலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு ஆகும் செலவோ மிகக் குறைவு.

காரணம் எளிது. பிளக்கின் வேலை சிலிண்டருக்குள் இருக்கும் கலவையைப் பற்றவைப்பது மட்டும்தான். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் லைட்டரால் பற்றவைத்தாலும் சாதம் வேக ஒரே நேரம்தான் ஆகும், பற்றிக்கொள்வதோடு குச்சியின் வேலை முடிந்துவிட்டது. சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல்-காற்றைப் பற்றவைக்க நல்ல சூழ்நிலையில் ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றலே போதும், ஆனால் இன்றைய காயில்கள் கொடுப்பது அதைப்போல் பல மடங்கு. அதை இன்னும் இரண்டு மடங்கு ஆக்கினாலும் பிஸ்டனுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

பிறகு ஏன் ரீமேப் செய்த வண்டிகள் மிஸ் அடிக்கின்றன? சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக் முனைகளுக்கு நடுவே பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், இடைவெளி அதிகமானாலும் அப்படித்தான். பூஸ்ட் ஏற்றினால் அழுத்தம் கூடுகிறது, பழைய பிளக்கில் தேய்ந்து கேப்பும் கூடியிருக்கும், இரண்டும் சேரும் இடத்தில் காயிலால் ஈடுகொடுக்க முடியாமல் பொறி தாவாமலே போகிறது. இது பெரும்பாலும் ரெட்லைனில் நடக்காது, டார்க் உச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் நடக்கும், ஏனென்றால் சிலிண்டர் நிறைவதும் அழுத்தம் அதிகமாவதும் அங்கேதான்.

இதை நான் என் வண்டியில்தான் கற்றுக்கொண்டேன். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2017-ல் இந்தியாவுக்கு வந்தது, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்கில் 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருள் மட்டும்) போட்ட சில வாரங்களில் நான்காவது கியரில் 3,000 ஆர்பிஎம் பக்கத்தில் முழுதாக மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டதுபோல ஒரு ஜெர்க், உடனே செக் இன்ஜின் விளக்கு மின்னும். பார்த்த மெக்கானிக் காயில் வீக் என்றார். ஆடி ஆர்8 காரின் பேரில் ஆர்8 காயில் என்று ஊரெல்லாம் சொல்லும் சிவப்புத் தலைக் காயில் நான்கை வாங்கிப் போட்டேன், ஜெர்க் அப்படியே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பிளக்கைக் கழற்றி ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். 0.9 மி.மீ. தகடு எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, நான்கிலும் அப்படியே. புது பிளக்கை 0.65-க்கு வைத்துப் போட்ட அன்றே ஜெர்க் நின்றது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஸ்கேனர். ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாக்கெட்) மாட்டி பிழைக் கோட் படியுங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் அங்கங்கே மிஸ், பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். கோட் இல்லாவிட்டாலும் சிலிண்டர்வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பல ஸ்கேனர்கள் காட்டும், அதைப் பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். விளக்கு மின்ன ஆரம்பித்தால் காலை எடுத்துவிடுங்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும், அதன் விலைக்குப் பல செட் காயில் வாங்கலாம்.

ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் என்றால் அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். மிஸ் காயிலோடு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி, ஒன்றை மாற்றினால் போதும். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு திசையில் தேட வேண்டும், எந்த இக்னிஷன் கிட்டும் அங்கே உதவாது. பத்து நிமிட வேலை இது, ஒரு ரூபாய் செலவில்லை, இருந்தும் இதைச் செய்யாமல் நேராகக் காயில் ஆர்டர் போடுபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அடுத்தது பிளக். இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை போய்விடும். கழற்றுவதற்கு முன் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. கேப் அளக்கும்போது இரிடியம் முனையில் எதையும் அழுத்த வேண்டாம், அது 0.4 முதல் 0.6 மி.மீ. தடிமன்தான், உடைந்துவிடும். வட்டக் காசு மாதிரி இருக்கும் கேஜை அதில் உருட்டவே கூடாது. பக்க எலக்ட்ரோடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். பூஸ்ட் ஏற்றிய டர்போவுக்கு 0.6 முதல் 0.7 வரை வைப்பது வழக்கம், ரீமேப் போட்டுக்கொடுத்தவர் ஓர் எண் சொன்னால் அதையே வையுங்கள். ரொம்பக் குறைத்தால் ஐடிலில் வண்டி நடுங்கும்.

ஹீட் ரேஞ்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்ற அளவு இது, வேகமாக வெளியேற்றினால் கூலான பிளக். என்ஜிகே பிளக்கில் எண் ஏறினால் கூலான பிளக், போஷில் எண் இறங்கினால்தான் கூல், இதைக் குழப்பிக்கொண்டு நேர் எதிராக வாங்கியவர்கள் உண்டு. 75 முதல் 100 குதிரைத்திறன் ஏற்றினால் ஒரு படி கூலான பிளக் என்பது என்ஜிகே சொல்லும் கணக்கு. தேவையில்லாமல் இரண்டு படி கூலாகப் போனால், டவுன் டிராஃபிக்கில் பிளக் முனை 450 டிகிரிக்கு மேல் ஏறாமல் கரி பிடித்து, அதுவே மிஸ்ஸிங்கைக் கொண்டுவரும். மாட்டும்போது கையால் நான்கைந்து சுற்று, அப்புறம் டார்க் ரெஞ்ச். 14 மி.மீ. மரைக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ தடவ வேண்டாம், வழுக்கலால் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

இவ்வளவும் செய்து, புது பிளக்கில் கேப்பைக் குறைத்தபிறகும் மிஸ் வருகிறதா? அப்போது காயில் வாங்குங்கள், அது நியாயமான செலவு. பெரிய டர்போ, ஸ்டேஜ் 3 என்று போகிறவர்களுக்கு வலுவான காயில் உண்மையிலேயே வேண்டியிருக்கும். ஆனால் ஆர்8 என்ற பேருக்கு மயங்காதீர்கள், அந்தக் கார் இன்ஜினில் டர்போவே கிடையாது. சிவப்புப் பிளாஸ்டிக் போட்ட டூப்ளிகேட் காயில் சந்தையில் நிறைய, பிளக்கிலும் அப்படியே. டூப்ளிகேட் மாட்டுவதைவிடக் கம்பெனிக் காயிலே மேல். எர்த்திங் கிட், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இரண்டுக்கும் காசு வேண்டாம்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நான் வேறு பதில் சொல்வேன். கார்புரேட்டர் எஸ்டீம் போன்ற வண்டியில் ஒரே காயில் நான்கு சிலிண்டருக்கும் பொறி கொடுக்க வேண்டும். 6,000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 200 பொறி, ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 மில்லி செகண்ட்தான், காயில் சார்ஜ் ஆகவே அதில் பெரும்பகுதி போய்விடும். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் காரில் இதே வேகத்தில் 20 மில்லி செகண்ட் கிடைக்கிறது. எம்எஸ்டி 6ஏ மாதிரி சிடிஐ பெட்டிகள் (கெப்பாசிட்டரில் மின்சாரம் சேர்த்துக் காயிலுக்குச் சட்டென்று கொடுப்பவை) பிறந்ததே அந்தக் காலத்து இன்ஜின்களுக்காகத்தான், அங்கே வித்தியாசம் ஸ்டார்ட்டிங்கிலேயே தெரியும்.

இக்னிஷனில் பவர் இருக்கும் இடம் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். நாக் (கலவை தானாகவே பற்றி வெடிப்பது) வந்தால் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், அதோடு பவரும் போகும். ஸ்கேனரில் லாக் (ஓட்டும்போது பதிவு) எடுத்து, எந்த சிலிண்டரில் எத்தனை டிகிரி இழுக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து நான்கைந்து டிகிரி இழுத்தால் காயில் காசை எடுத்து ஆக்டேன் அதிகமான பெட்ரோலுக்கும், அதற்கென்று எழுதிய மேப்புக்கும் கொடுங்கள்.

சிவப்புக் காயில்களைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பெனிக் காயில்களையே திரும்ப மாட்டினேன். அதோடுதான் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு காலை முழுதும் ஓட்டினேன், ஒவ்வொரு முறை பிட்டுக்கு வந்தபோதும் ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் மிஸ்ஃபயர் பூஜ்யம்.