வளரும் பெடியனை எப்போது கைமாற்றலாம்?

ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் பேஸ்போல் ஆட்டம் கோடையில் எங்களுக்கு விடியப்புறம் 4.37. உருத்திரபுரத்தில் நான் மாடு கறக்கிற நேரம். ஸ்காபரோ மச்சான் போனில் கூடவே இருப்பான். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று: தோற்று நொந்து, அடியிலிருந்து கட்டி எழுப்புகிற அணி, வளரும் பெடியளைக் கொடுத்துப் பெரிய ஆட்டக்காரரை வாங்கலாமா? மச்சான் வாங்கலாம் என்பான், நான் பொறு என்பேன். (எல்லே விளையாடியவர்களுக்கு பேஸ்போல் அரைவாசி விளங்கும்.)

முதலில் வருகிறவரின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். எத்தனை ஹோம் ரன் (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி) அடித்தார் என்பது பிறகு. பெரிய லீக்குக்கு (பேஸ்போலின் உச்சப் போட்டி) ஏறும் பெடியன் ஆறு வருடமளவில் அந்த அணியின் பிடியில் இருப்பான். முதல் மூன்று வருடம் அனேகமாக அடிமட்டச் சம்பளம். அப்படிப்பட்டவனைக் கொடுத்து, ஒரு சீசனோடு போகிறவரை வாங்கினால் என்ன மிஞ்சும்?

2010இல் மீளக்குடியேறியபோது என்னிடம் இரண்டு நாகு இருந்தன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறைக்க அவசரப்பட்டு, ஒன்றை விற்றுப் பழைய பம்ப் வாங்கினேன். கதிர் முற்ற முன்னமே பம்ப் இறுகிவிட்டது. நாகு வாங்கியவர் வீட்டில் ஐந்து ஈத்து ஈன்றது. அந்த வீட்டு வழியால்தான் நான் வயலுக்குப் போக வேண்டும்.

சிக்காகோ வைட் சொக்ஸ் அணி வாங்கிய பம்ப், ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். 2016 ஜூனில் அந்த மூத்த பந்துவீச்சாளருக்காக, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத 17 வயதுப் பெடியனையும் சேர்த்து சான் டியாகோவுக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் 78 வெற்றி, 84 தோல்வி. பெடியன் பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். 2021இல் 42 ஹோம் ரன் அடித்து பெரிய லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முதலாவதாக வந்தான்.

அடுத்து, அணி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஹியூஸ்ரன் அஸ்ரோஸ் 2013இல் 111 ஆட்டம் தோற்றது. 2017 ஓகஸ்ட் 31 அன்று, தன் பிரிவில் முதலிடத்தில் நின்றபோது, மூன்று பெடியளைக் கொடுத்துப் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வேர்லாண்டரை வாங்கியது. 2019 வரை ஒப்பந்தம் உள்ளவர். அந்த வருடமே வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்றார்கள். கதிர் முற்றிய பிறகு விற்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல பெடியள் இருந்தால் ஒருவனைக் கொடுக்கலாம். பந்து வீசுகிறவனா, அடிக்கிறவனா என்று வந்தால் நான் வீசுகிறவனைத்தான் கொடுப்பேன். முழங்கைத் தசைநார் போனால், சத்திரசிகிச்சை செய்து திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல்.

மச்சானிடமும் எனக்கு எறிய ஒரு கல் இருக்கிறது. அதே வைட் சொக்ஸ் 2016 கடைசியில் தன் முன்னணிப் பந்துவீச்சாளர் கிறிஸ் சேலை பொஸ்ரன் அணிக்குக் கொடுத்துப் பெடியளைச் சேர்த்தது. பொஸ்ரன் 2018இல் கிண்ணம் தூக்கியது. வைட் சொக்ஸ் 2024இல் 121 ஆட்டம் தோற்றது. "உன்ர நாகுக் கதையை விடு, எல்லா நாகும் ஈனாது" என்பான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஜூலை முடிவை ஒட்டி வரும் கைமாற்றுக் கெடு அண்மைய வருடங்களில் அங்கே மாலை 6 மணி, இங்கே விடியப்புறம் 3.30. நான் எழும்பிப் பார்க்கும்போது மச்சானின் குரல் பதிவு ஏழெட்டு வந்திருக்கும். கோபமா சந்தோசமா என்று நீளத்தைப் பார்த்தே சொல்வேன்.