பிடித்த எழுத்தாளரின் ஃபேன்டஸி நாவல் ஏமாற்றினால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒருவரின் ஐந்து நாவல்களைச் சோறு தண்ணியில்லாமல் படித்து முடித்தவருக்கு ஆறாவது சப்பென்று இருந்தால், வாயில் முதலில் வருவது "ஆளுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு" என்பதுதான். தீர்ந்தும் போயிருக்கலாம். ஆனால் தீர்ப்புக்கு முன் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது முதல் தவறு. பெயர் கிடைத்த பிறகு ஆரம்பகால நாவல்கள் புது அட்டையோடு மறுபடி வருவதுண்டு. முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். கையில் இருப்பது அவர் எழுதப் பழகிய காலத்துச் சரக்காக இருக்கலாம்.

அடுத்தது, நூலின் வகையைக் கவனிக்காமல் திறப்பது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1973-ல் இறந்தார். 'தி சில்மரில்லியன்' 1977-ல் வந்தது. அவர் விட்டுச்சென்ற எழுத்துகளை மகன் கிறிஸ்டோபர் தொகுத்துச் செப்பனிட்ட நூல் அது. அவருடைய பழைய கதைகளின் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளோடு இன்னொரு நெடும்பயணம் போகலாம் என்று உட்கார்ந்தால், படைப்புத் தொன்மமும் வம்சாவளியும்தான் கிடைக்கும். புராணம் வாசிக்கும் நிதானத்தோடு போனால் அதே பக்கங்கள் வேறு மாதிரி இருக்கும்.

தொடர் நாவல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஆசிரியர் மார்ட்டினின் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' 2005-ல் வந்தபோது, முக்கியப் பாத்திரங்களான டிரியன், டெனேரிஸ் பார்வையில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. கதை பெருத்துவிட்டதால் பாத்திரங்களைப் பிரித்து, அவர்களை அடுத்த பாகத்துக்கு ஒதுக்கியிருந்தார். அந்தப் பாகம் 2011-ல்தான் வந்தது. பிரித்ததைப் பற்றி அவரே நூலின் கடைசியில் குறிப்பு எழுதியிருந்தார். ஆசிரியர் குறிப்பு பின்னால் இருந்தாலும் முதலிலேயே புரட்டிவிடுவது நல்லது; கதையை உடைக்கும் வரி கண்ணில் பட்டால் மூடிவிடலாம்.

பெயர்க் குழப்பத்தை "எழுத்து மோசம்" என்று எண்ணுவதும் நடக்கிறது. முதல் 50 பக்கத்தில் இருபது பெயர் வந்தால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு துண்டுச்சீட்டில் பெயர், எந்த அணி, அவருக்கு என்ன வேண்டும் என்று மூன்றே விவரம் எழுதி, அதையே பக்க அடையாளமாக வையுங்கள். கால்வாசி தாண்டியும் "என்ன வேண்டும்" என்ற இடம் பலருக்குக் காலியாகவே இருந்தால், குறை உங்களிடம் இல்லை.

அதிகம் பேர் கசந்துபோவது முடிவில்தான். "முடிவு சரியில்லை" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மந்திரவாதி தீ மூட்டும்போதெல்லாம் ஒரு நினைவை இழப்பான் என்று மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டை முற்றுகையில் அவன் அம்மாவின் முகத்தை மறக்கிறான், நமக்கும் சுருக்கென்கிறது. கடைசிப் போரில் ஒரு படையையே எரிக்கிறான், ஆனால் எதையும் மறக்கவில்லை. சறுக்கியது யார்? மின்னூல் என்றால் 'நினைவு' என்ற சொல்லைத் தேடுங்கள். நடுவில் எங்கோ ஒரு கிழவி "அந்த விலையை இன்னொருத்தரும் கொடுக்கலாம்" என்று சொல்லியிருந்தால், நாம்தான் வேகமாகத் தாண்டிவிட்டோம். அப்படியானால் விலை கொடுத்தது யார் என்று கடைசி அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். அப்படியொரு வரியே இல்லையென்றால், எழுத்தாளர் தன் விதியைத் தானே உடைத்திருக்கிறார். அதைத் தயங்காமல் எழுதலாம்.

மொழிபெயர்ப்பில் படித்தால் மொழிபெயர்ப்பாளர் மாறியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நடை திடீரென்று மரத்துப்போக அதுவும் காரணமாகலாம்.

பழைய நாவலை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடுவதும் நியாயமில்லை. பதினைந்து வயதில் படித்தது இப்போதும் அப்படியே இருக்கும் என்று என்ன நிச்சயம்? அதன் முதல் 30 பக்கத்தை மறுபடி படித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

விசுவாசத்துக்காக 800 பக்கத்தை இழுத்துப் பிடித்து முடிப்பதும் வேண்டாத வேலை. பாதியில் மூடலாம். மூடும்போது பக்க எண்ணையும் காரணத்தையும் அந்தச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்: "ப. 212, இளவரசிக்குத் திடீரென்று வில்வித்தை தெரிகிறது."