வளைகாப்புக்கு வளையல் பெட்டி: இரண்டு தாள்களில், பசையில்லாமல் மடிக்கும் முறை

வளைகாப்புக்கு வரும் பெண்களுக்குக் கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம் கொடுத்தனுப்புவது வழக்கம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால், பலரும் இப்போது துணிப்பைக்கோ காகிதப் பைக்கோ மாறியிருக்கிறார்கள். ஆனால் பைக்குள் போட்ட கண்ணாடி வளையல் பேருந்து நெரிசலைத் தாண்டி முழுசாக வீடு போய்ச் சேருவது அரிது. அதற்கு ஏற்றது மூடியுள்ள சிறிய காகிதப் பெட்டி. இதற்கு முன் காகிதம் மடித்தே பழகாதவர்களும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய பெட்டி ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

ஜப்பானில் அரிசி அளக்கப் பயன்பட்ட சதுரமான மர அளவைக்கு 'மசு' என்று பெயர். நம்முடைய படி, உழக்கு போல அதுவும் ஓர் அளவைதான். அந்த வடிவத்தில் ஒரே தாளை மடித்துச் செய்யும் பெட்டிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பெட்டிக்குக் கத்தரித்தல், ஒட்டுதல் எதுவும் தேவையில்லை. ஒரு தாளில் அடிப்பெட்டி, இன்னொரு தாளில் மூடி, அவ்வளவுதான்.

முதலில் வளையலை அளந்துகொள்ளுங்கள்

தொடக்கநிலையில் பலர் தாளை வைத்துக்கொண்டு பெட்டியைச் செய்து முடித்து, அதன் பிறகுதான் உள்ளே பொருள் அடங்குமா என்று பார்க்கிறார்கள். உள்ளே வைக்கும் பொருளிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரி.

கடையில் வளையல் அளவை 2-4, 2-6, 2-8 என்று சொல்வார்கள். முதல் எண் அங்குலத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண், ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. அதாவது 2-4 என்பது இரண்டே கால் அங்குலம், 2-8 என்பது இரண்டரை அங்குலம். இது வளையலின் உள்விட்டம் மட்டுமே. 2-6 வளையலின் உள்விட்டம் ஏறத்தாழ 60 மி.மீ.; கண்ணாடியின் தடிப்பை இருபுறமும் சேர்த்தால் வெளிவிட்டம் 66 மி.மீ. அளவுக்கு வரும். 2-8 வளையலுக்கு அதே கணக்கில் 70 மி.மீ. வரை போகும். வேலைப்பாடு மிகுந்த வளையலானால் இன்னும் கூடும் என்பதால், ஸ்கேலை வைத்து ஒருமுறை நேரடியாக அளந்துவிடுவது நல்லது.

இனித் தாளின் அளவு. மசு பெட்டியில், தாளின் பக்க அளவை 2.83 ஆல் வகுத்தால் பெட்டியின் பக்க அளவு கிடைக்கும். உயரம் எப்போதும் அந்தப் பக்க அளவில் பாதியாக இருக்கும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால், அதிலிருந்து கிடைக்கும் மிகப் பெரிய சதுரத்தில் 7.4 செ.மீ. பக்கமும் 3.7 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி வரும். 2-4, 2-6 வளையல்கள் இதில் தாராளமாகப் படுக்கும். 2-8 சற்று நெருக்கமாக இருக்கும். 2-10 வளையலுக்கு ஏ4 போதாது. குறைந்தது 22 செ.மீ. சதுரம் வேண்டும் என்பதால் பெரிய கலர் சார்ட்டை வாங்கி வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வளையல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மெல்லிய வளையலாக இருந்தால் மட்டுமே ஒரு டஜன் அடங்கும். அரை டஜன் எளிதாக அடங்கும்.

தாள் தேர்வு

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே அந்த எண். ஜெராக்ஸ் கடையில் பயன்படும் சாதாரணத் தாள் பெரும்பாலும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம். பழகிப் பார்க்க அது போதும் என்றாலும், கண்ணாடி வளையலைத் தாங்கும் பெட்டிக்குத் தளர்வானது. 100 முதல் 120 ஜிஎஸ்எம் வரையுள்ள வண்ணத் தாள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். 180-க்கு மேல் போனால் அட்டை போலாகி, மடிக்கும் இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் மலிவானது, மடிப்பையும் கூர்மையாகப் பிடிக்கும். ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜிகினா மினுக்கும் கிஃப்ட் ராப்பரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்கு அழகாக இருந்தாலும் மடித்த மடிப்பு மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும், மூடியின் மேல் ஒட்டும் காகிதப் பூவும் அதில் நிற்காது. ஆண்டு முடிந்து கழற்றிய சிவகாசி மாத காலண்டரின் பெரிய தாள் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை: கனமும் உண்டு, நிறமும் உண்டு, செலவும் கிடையாது. சாமி படம் உள்ள தாளை வெட்ட வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். இயற்கைக் காட்சி உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர முப்பது செ.மீ. இரும்பு ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், மடிப்பை அழுத்த ஒரு எவர்சில்வர் கரண்டி, பூவுக்கு மட்டும் கொஞ்சம் ஃபெவிகால், அதைத் தொட்டு வைக்கப் பல்குத்தும் குச்சி ஆகியவை இருந்தால் போதும்.

சதுரம் வெட்டுதல்

ஏ4 தாளின் ஒரு மூலையைக் குறுக்காக மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டிச் சதுரமாக்குவது எல்லோரும் அறிந்த முறை. இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம். அந்தக் குறுக்கு மடிப்பு, மூடியின் மேற்பரப்பில் நட்டநடுவே ஒரு கோடாக வந்து நிற்கும். அதற்குப் பதிலாகத் தாளின் இரு நீளப் பக்கங்களிலும் 21 செ.மீ. அளந்து புள்ளி வைத்து, ஸ்கேலால் இணைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். இது மூடிக்கான தாள். அடிப்பெட்டிக்கான தாளை 20.5 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். அந்த அரை செ.மீ. குறைவால் அடிப்பெட்டி ஏறத்தாழ 2 மி.மீ. சிறிதாகி, மூடிக்குள் இறுக்கமின்றி இறங்கும். வெட்டிய பின் இரண்டு தாள்களும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதால், சிறியதன் உட்பக்கத்தில் பென்சிலால் 'அடி' என்று எழுதிவிடுங்கள். மூடித் தாளை வெட்டியபின் மிஞ்சும் 8.7 செ.மீ. அகலப் பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பூ அதில்தான் வரப்போகிறது.

பெட்டியை மடித்தல்

மூடியும் அடிப்பெட்டியும் ஒரே முறையில் மடிக்கப்படுகின்றன. வண்ணப் பக்கம் மேசையைப் பார்க்கும்படி தாளைக் கவிழ்த்து வைத்துத் தொடங்குங்கள்.

படி 1. தாளைப் புத்தகம் மூடுவது போல, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மடிப்புக் கோட்டின் முழு நீளத்தையும் அழுத்திவிடாமல், இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி 5 செ.மீ. வரை மட்டும் கரண்டியின் பின்புறத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டு, நடுப்பகுதியில் தாளின் மையம் தெரியும் அளவுக்கு விரல் நகத்தால் ஒரு சிறு கிள்ளு மட்டும் கொடுங்கள். தாளை விரித்து, கவிழ்க்காமல் கால் சுற்றுத் திருப்பி, இதே போல இன்னொரு முறை மடித்து விரியுங்கள். முனைகளில் உள்ள அந்த 5 செ.மீ. கோடுகள்தாம் பின்னர் பெட்டியின் நான்கு மூலைகளாக மாறுகின்றன. நடுவில் உள்ள பகுதி பெட்டிக்கு எந்த வகையிலும் பயன்படுவதில்லை. அங்கேயும் அழுத்திவிட்டால் மூடியின் மேல் ஒரு பெருக்கல் குறி தெரியும். பலர் செய்யும் பெட்டிகளில் அந்தக் குறியைப் பார்த்திருப்பீர்கள்.

படி 2. நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக மையப் புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். மூலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. மையத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் பிழையில்லை, ஏறி நின்றால் பெட்டி கோணலாகும். இப்போது கையில் ஒரு சிறிய சதுரம் இருக்கும்.

படி 3. இந்தச் சிறிய சதுரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, அழுத்தி, விரித்துவிடுங்கள். தாளைக் கால் சுற்றுத் திருப்பி, மற்ற இரு விளிம்புகளையும் அவ்வாறே மடித்து விரியுங்கள். இந்த நான்கு மடிப்புகளையும் முழு நீளத்துக்கும் நன்றாக அழுத்த வேண்டும். நடுவில் தெரியும் சதுரமே பெட்டியின் அடித்தளம்.

படி 4. மேலும் கீழும் உள்ள இரண்டு மூலை மடிப்புகளை மட்டும் முழுவதுமாகத் திறந்து விடுங்கள். இடமும் வலமும் உள்ளவை மடிந்தபடியே இருக்கட்டும். இப்போது இட, வல விளிம்புகளை நடுவரை மடிக்காமல் பாதியில் நிறுத்தினால், இரண்டும் சுவர்களாகச் செங்குத்தாக நிற்கும்.

படி 5. புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று நிதானமாகச் செய்யுங்கள். இரு சுவர்களையும் இடக் கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மேலே நீண்டிருக்கும் கூர்முனைப் பகுதியை வலக் கையால் மெல்ல உயர்த்துங்கள். உயர்த்தும்போதே, சுவர்களின் முனைகளில் படி 1-இல் போட்ட சாய்வுக் கோடுகள் உட்புறமாகக் குழியத் தொடங்கும். அவற்றை விரல் நுனியால் உள்ளே தள்ளிக் கொடுத்தால், இரு பக்கமும் முக்கோணமாக உள்ளே மடிந்து, மூன்றாவது சுவர் தானாக எழுந்து நிற்கும். வலிந்து வளைக்க வேண்டியதில்லை. தாள் போக மறுத்தால் அந்தச் சாய்வுக் கோடு சரியாக அழுத்தப்படவில்லை என்று பொருள். விரித்து, அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். பிறகு கூர்முனையை அந்தச் சுவரின் மேலாகப் பெட்டிக்குள் வளைத்து, உட்சுவரை ஒட்டிக் கீழே இறக்கி, முனை அடித்தளத்தின் மையத்தைத் தொடும்படி படியவையுங்கள்.

படி 6. எதிர்ப் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். உள்ளே நான்கு முக்கோணங்களின் முனைகளும் மையத்தில் கூடியிருந்தால் பெட்டி முடிந்தது. வெளி ஓரங்களை இரு விரல்களுக்கு நடுவே கிள்ளியபடி ஒருமுறை சுற்றி வந்தால் கூர்மை கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். அப்போது மட்டும் உள்ளே மையத்தில் கூடும் முனைகளுக்கு அடியில் ஒரு பொட்டுப் பசை வைக்கலாம். மைதாப் பசையும் சோற்றுப் பசையும் நன்றாகவே ஒட்டும். ஆனால் சில மாதங்கள் வைத்திருக்கும் பெட்டியென்றால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

மூடியின் மேல் ஒரு ரோஜா

மிஞ்சிய பட்டையின் மேல் 2-6 வளையல் ஒன்றை வைத்து வெளிப்புறமாகப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். 21 செ.மீ. நீளத்தில் இப்படி மூன்று வட்டங்கள் விழும். ஒரு தாளின் மிச்சத்தில் மூன்று பெட்டிகளுக்குப் பூ கிடைத்துவிடும். பூ வேறு நிறத்தில் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பதால், இரண்டு நிறத் தாள்களில் பெட்டி செய்து மிச்சங்களை மாற்றிக்கொள்ளலாம்.

வட்டத்தை வெட்டி, அதன் ஓரத்திலிருந்து தொடங்கி ஏறத்தாழ 1 செ.மீ. அகலத்தில் சுருளாக உள்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். கத்தரிக்கோலை நிலையாகப் பிடித்து, தாளை மட்டும் திருப்பினால் வளைவு ஒழுங்காக வரும். மையத்தில் பத்துப் பைசா அகலத்துக்கு ஒரு வட்டத்தை விட்டு நிறுத்துங்கள். ஓரம் கொஞ்சம் நெளிந்திருந்தால் கவலை வேண்டாம், இதழுக்கு அதுவே அழகு.

வெளி முனையைப் பல்குத்தும் குச்சியில் வைத்து இறுக்கமாகச் சுற்றத் தொடங்குங்கள்; இரண்டு சுற்றுக்குப் பின் குச்சியை உருவிவிட்டு விரல்களாலேயே சுற்றலாம். கீழ் ஓரம் ஒரே மட்டத்தில் இருப்பதில் மட்டும் கண் வையுங்கள். கடைசியில் மைய வட்டம் வந்ததும் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் சுருள் தானே விரிந்து ரோஜா வடிவம் கொள்ளும். வேண்டிய அளவு விரிந்ததும், மைய வட்டத்தில் ஃபெவிகாலைக் குச்சி நுனியால் தொட்டு வைத்து, பூவை அதன் மேல் அமர்த்தி, மனத்துக்குள் முப்பது எண்ணும் வரை பிடியுங்கள். பசை அதிகமானால் அதன் நீர் தாளைச் சுருக்கிவிடும். காய்ந்த பின் மூடியின் நடுவில், படி 1-இல் கிள்ளிய குறியின் மேலேயே ஒட்டினால் அந்தக் குறியும் மறைந்துவிடும்.

நிறைய செய்ய வேண்டியிருந்தால்

நாற்பது பேருக்கு என்றால் எண்பது தாள்கள் வேண்டும். பழகுவதற்கும் கெடுவதற்குமாகப் பத்துத் தாள்கள் கூடுதலாக வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியாக முடிப்பதைவிட, முதல் நாள் எல்லாத் தாள்களையும் வெட்டி, படி 1 வரை செய்து அடுக்கிவிட்டால் அடுத்தடுத்த வேலைகள் விரைவாக நகரும். வெட்டும் வேலையை ஒருவரே செய்வது நல்லது, கைக்குக் கை அளவு மாறும். படி 2-உம் 3-உம் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கத் தக்கவை. முடிந்த அடிப்பெட்டிகளை மூடிக்குள் நுழைத்தே வையுங்கள். தனித்தனியாகக் குவித்தால் சுவர்கள் நசுங்கும்.

குங்குமத்தையும் மஞ்சள்தூளையும் அப்படியே பெட்டிக்குள் போட்டால் தாளில் கறை இறங்கும். தனித்தனியே சிறு பொட்டலமாக மடித்து, வளையல்களின் நடுவில் உள்ள வெற்றிடத்தில் வையுங்கள். வளையல்களை மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஆட்டத்தில் உரசாது. மூடி முழு உயரத்துக்கும் இறங்கி மூடுவதால் ரிப்பன் கட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பெட்டியின் அடிப்புறத்தில் 2-4, 2-6 என்று வளையல் அளவைப் பென்சிலால் குறித்து, அளவு வாரியாகத் தாம்பாளங்களில் பிரித்து அடுக்கிவிடுங்கள். விழா முடிந்து வாசலில் நின்று கொடுப்பவர், வந்தவரின் கையைப் பார்த்து, சரியான தாம்பாளத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.