சொந்தங்களைப் பார்க்க இருவருமாக ஒரு பயணம்: வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை

கலியாணம் முடித்துப் பல வருடம் ஆகி, வேலை ஒரு பக்கம் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று இழுபட்டு, ஊருக்குப் போவதென்றால் கலியாண வீடு அல்லது செத்த வீடு என்றாகிவிட்ட தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களானாலும் சரி, கொழும்போடு இருந்துவிட்டவர்களானாலும் சரி, இருவர் மட்டும் வாகனத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும், வளர்ந்த இடங்களையும் ஆறுதலாகப் பார்த்துவர வேண்டும். நானும் என் கணவரும் அப்படிப் போய் வருகிறவர்கள்தான். இலங்கையின் கிழக்குக் கரைதான் எங்கள் ஊர்: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் பழுகாமம் பக்கம், இவர் கடலோரம் தெற்கே திருக்கோவில் பக்கம்.

முதல் வேலை, ஒரு கொப்பியில் ஆட்களின் பெயரை எழுதுவது. இடங்களைப் பிறகு பார்க்கலாம். இருவரும் தனித்தனியே எழுதிவிட்டு ஒன்றாக வைத்துப் பாருங்கள், கட்டாயம் ஆச்சரியமாக இருக்கும், இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பெரியம்மாவோ படிப்பித்த ரீச்சரோ மற்றவரின் பட்டியலில் இருப்பார். பிறகு ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வயதைப் போடுங்கள். எண்பது தாண்டியவர்கள் முதலில். கோயிலும் கடலும் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும், ஆட்கள் விஷயத்தில் அப்படி நம்பியிருக்க முடியாது. பயணத்தின் வரிசையை இந்த வயதுக் கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும், யார் வீடு றோட்டோரம் என்பது இரண்டாவது.

அதே கொப்பியில், நீங்கள் வர முடியாமல் போன செத்த வீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாமா இறந்து மூன்று வருடமானாலும் மாமி வீட்டு வாசலில் ஏறும்போது அதுதான் முதல் பேச்சாக இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்படியான வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு போய் இறங்காதீர்கள். அண்மையில் செத்த வீடு நடந்திருந்தால், கோயிலுக்குப் போவதைக் காலையில் முடித்துக்கொண்டு பிறகு அங்கே போங்கள். துடக்கு, அதாவது தீட்டுப் பார்க்கிற ஊர், பெரியவர்களுக்கு இந்த வரிசை முக்கியம்.

எந்த மாதம்? கார்த்திகை, மார்கழி வேண்டாம். வாடை மழை இறங்கினால் படுவான்கரைப் பாதைகள் பல இடங்களில் வெள்ளத்தில் மூழ்கும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளிப் பக்கம் உழவு இயந்திரத்தோடு மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது, ஆகவே றோட்டைத் தண்ணீர் கடந்தால் வாகனத்தை இறக்கவே கூடாது. என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியும்தான் நல்லது, பெரும்போக அறுவடைக் காலம், வயல்வாடியில் ஆட்கள் இருப்பார்கள், வீட்டில் புது அரிசி இருக்கும், வெயிலும் இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது. கச்சான் என்கிற வெக்கைக் காற்று தொடங்கிவிட்டால் பகலில் வயதானவர்கள் பேசவே களைத்துப் போவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், திருக்கோவில் ஆகிய கோயில்களின் தீர்த்தங்களுக்கும் வந்தால் எல்லாச் சொந்தத்தையும் ஒரே இடத்தில் காணலாம்தான். ஆனால் காண்பது மட்டும்தான் நடக்கும், இருந்து கதைக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

கொழும்பிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஒரு வழியால் உள்ளே வந்து மறுவழியால் வெளியே போங்கள். ஹபரணை, பொலனறுவை, வெலிக்கந்தை தாண்டி வாழைச்சேனைக்கு இறங்குவது ஒன்று. பொத்துவிலிலிருந்து லாகுகல, சியம்பலாண்டுவ, வெல்லவாய வழியாக ஏறுவது மற்றது. இப்படி வைத்தால் கரையோரம் முழுவதும் ஒரே கோடாக வரும், ஓடிய றோட்டிலேயே திரும்ப ஓட வேண்டியதில்லை. இரண்டு வழியிலும் யானை உண்டு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அந்தக் காட்டுத் துண்டுகளில் இருக்காதபடி நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் சுமார் 110 கிலோமீற்றர்தான். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் போதும் என்று நினைக்க வேண்டாம், தூரத்தைக் கூட்டுவது வீடுகள்தான். ஒரு நாளைக்கு மூன்று வீடு, அதற்கு மேல் வைத்தால் எந்த வீட்டிலும் நீங்கள் இருந்ததாக இருக்காது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலான எழுவான்கரையில் பிரச்சினை இல்லை, காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று நேர் றோட்டு. ஊர்களுக்குள் 50க்கு மேல் ஓடாதீர்கள், வேகம் பார்க்க பொலிஸ் நிற்கும், அதைவிட ஊருக்கு ஊர் சைக்கிளும் மாடும் பிள்ளைகளும். வாவிக்கு அந்தப் பக்கம் போகத்தான் யோசிக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம், பழுகாமம், போரதீவு, வெல்லாவெளிக்குப் பட்டிருப்புப் பாலம். மண்டூருக்கு வெல்லாவெளிப் பக்கத்தால் சுற்றியும் போகலாம், குருமண்வெளித் துறையிலிருந்து பாதையிலும் போகலாம், பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை. உங்களில் ஒருவர் சின்ன வயதில் மண்டூர்த் திருவிழாவுக்குப் பாதையில் போனவர் என்றால், நேரம் போனாலும் பரவாயில்லை, துறைக்குப் போய் ஓடுகிறதா, வாகனம் ஏற்றுமா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் வாகனத்தைக் கரையில் விட்டாவது அதிலேயே போங்கள். மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் பூசை செய்வார். அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அமைதியில் நின்ற பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதை மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வேறெதற்கு இவ்வளவு தூரம் வருகிறோம்.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்புவது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். அதனால் மனைவிக்கு அவள் வளர்ந்த வளவும் கிணறும் மாமரமும் பெரும்பாலும் கையிலேயே இருக்கும், கணவனுக்கோ அவர் பிறந்த வீடு அக்காவின் வீடாகவோ தங்கச்சியின் வீடாகவோ மாறியிருக்கும். தன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போய் முன் விறாந்தையில் கதிரையில் இருந்து, பிளேன்டீ குடித்துவிட்டு, ‘சரி, வாறம்’ என்று எழும்பி வருகிற ஆண்கள்தான் அதிகம். ஆகவே பயணத்தில் அவருடைய ஊருக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், முடிந்தால் ஒரு இரவையும். முதல் நாளே மச்சாளுக்குப் போன் எடுத்து, ‘இவர் வளவு முழுக்கச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்’ என்று மனைவிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். அக்காவின் புருஷனுக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் நல்லது, அது இப்போது அவருடைய வீடும்தானே.

திருக்கோவிலில் இவர் முதலில் போவது பின்வளவுக் கிணற்றடிக்கு. இப்போது மோட்டரும் தாங்கியும் வந்துவிட்டன, கயிறு போட்டு அள்ளுவார் இல்லை. ஆனால் கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்தில் கயிறு உரசி உரசி சீமெந்தில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது, அது யாருடைய பக்கம், யார் எந்தப் பக்கம் நின்று அள்ளுவது என்று அக்காவும் தம்பியும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அக்கா அவரை ‘மனே’ (மகனே) என்று கூப்பிடுவதை நான் அந்தக் கிணற்றடியில்தான் கேட்டேன். கொழும்பில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இப்படியான நேரத்தில் துணையாக வந்தவரின் வேலை, பக்கத்தில் நின்று கேட்பது. போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும்.

வாகனம் ஓட்டுவதிலும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய ஊரோ அவர் ஓட்டக் கூடாது. அவர் சன்னல் பக்கம் இருந்து பார்க்கட்டும், ‘நிப்பாட்டு’ என்றால் உடனே நிப்பாட்ட வேண்டும், ஏன் என்று கேட்க வேண்டாம்.

இல்லாமல் போன இடங்களும் பட்டியலில் வரும். 1978 நவம்பர் 23 சூறாவளி, பிறகு யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி என்று இந்தக் கரை பலதைப் பறிகொடுத்திருக்கிறது. நாவலடியில் வீடு இருந்தவர்களில் பலர் திராய்மடுவில் குடியேறினார்கள், அதுபோல் கரையோர ஊர் பலவற்றில் ஆட்கள் உள்ளே தள்ளி வேறு வளவுகளில் இருக்கிறார்கள், ஆகவே பழைய விலாசத்தை நம்பிப் போகாமல் உறவுக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வளவுக்குப் போவதென்றால் அந்த இடம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அடுக்களை எது, வாசல் எது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் நின்று பார்க்க முடியும், தனியே போனால் பற்றையையும் மணலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், அவர்கள் எடுத்தால் நடுவில் மறிக்கவும் வேண்டாம்.

பழையதைக் கதைக்க வைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ‘பழைய கதை சொல்லுங்க’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், ‘என்னத்தைச் சொல்ல’ என்பார்கள். ‘சூறாவளி அண்டைக்கு எங்க இருந்தீங்க மாமி?’ என்று கேளுங்கள். கூரை பறந்தது, யார் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தது, விடிய எழும்பினால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தது, அதிலிருந்து அப்போது கைக்குழந்தையாக இருந்தது யார், எந்தக் குடிவழிச் சொந்தக்காரர் வந்து உதவினார்கள் என்று தானாக நீளும். கேட்டுவிட்டுப் போனில் குரலைப் பதியுங்கள். அல்பம் இருந்தால் படங்களில் இருப்பவர்களின் பெயரை அன்றைக்கே எழுதுங்கள், இன்னும் சில வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்பது தெரிந்ததுதான். களுதாவளையில் வெற்றிலை வாங்குங்கள், வயதானவர்கள் வெற்றிலைத் தட்டமான வட்டாவை உங்கள் முன்னால் வைக்கும்போது நீங்கள் கொண்டு வந்த வெற்றிலையும் அதில் இருந்தால் அவர்களுக்கு அது பெரிய சந்தோசம். மாமாமாருக்கும் மச்சான்மாருக்கும் மருதமுனைக் கைத்தறிச் சாரம், மாமிமாருக்கு அங்கேயே சேலையும் எடுக்கலாம். முக்கால்வாசி வீட்டில் சீனி வருத்தம், ஆகவே அல்வா, மஸ்கட் எல்லாம் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மட்டும். காசு கொடுப்பதென்றால் போகும்போது கையில் வைத்து அழுத்திவிட்டு வாருங்கள், மகளோ மருமகனோ பார்த்துக்கொண்டிருக்கக் கொடுக்க வேண்டாம், அவர்கள் கவனிப்பதில்லை என்று சொல்வது போல ஆகிவிடும்.

சாப்பாட்டை முதல் நாளே தீர்மானித்துச் சொல்லிவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு ஒரு வீடு, இரவு ஒரு வீடு, மற்ற இடத்தில் தேத்தண்ணி. சொல்லாமல் போனால் எல்லா வீட்டிலும் உலை வைப்பார்கள், மறுத்தால் மனம் நோகும், சாப்பிட்டால் அடுத்த வீட்டில் சாப்பிட முடியாது. அதே நேரம் ஒரு கிழமைக்கு முன்னால் சொல்லவும் வேண்டாம், கடன் பட்டாவது இறால், நண்டு என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். கஷ்டப்படுகிற வீடென்றால் காலையில் போய், ‘புட்டும் தயிரும் போதும்’ என்று கேட்டுச் சாப்பிடுங்கள், கேட்டதாலேயே அவர்களுக்கு மனம் நிறையும்.

இருவருக்கும் பொதுவான இடம் ஒன்றையும் மறக்க வேண்டாம். எங்களுக்கு அது கல்லடிப் பழைய பாலம். 1924இல் திறந்தது, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், கலியாணம் முடித்த புதிதில் பஸ்ஸுக்குள் அதன் முன்னால் காத்திருந்த நேரமெல்லாம்தான் நாங்கள் முதன்முதலாக மனம்விட்டுக் கதைத்தது. 2013இல் புதுப் பாலம் வந்த பிறகு பழையது நடந்து போகிறவர்களுக்கு. பின்னேரம் போய் நில்லுங்கள், காற்று நன்றாக இருக்கும்.

பொத்துவில் வரை வந்தால் பாணமை தாண்டி உகந்தை மலை முருகனையும் பார்க்கலாம், கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடந்து போகிறவர்கள் தங்குகிற இடம், அப்பாவோ அம்மாவோ நடந்து போயிருந்தால் கட்டாயம் போங்கள். அதற்கு ஒரு அரை நாள் வேண்டும், பின்னேரத்துக்கு முன்னர் பொத்துவிலுக்குத் திரும்பிவிட வேண்டும். அறுகம்பையில் தங்கி, விடிய வாகனத்துக்கு எண்ணெய் முழுக்க அடித்துக்கொண்டு, வெளிச்சத்தோடு லாகுகலக் காட்டைக் கடந்துவிடுங்கள். வெல்லவாயவில் சாப்பிட நிப்பாட்டும்போது, போன வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு போன் எடுங்கள், கடைசியாகப் போன வீட்டுக்கு மட்டும் எடுத்தால் மற்றவர்கள் அதை அடுத்த கலியாண வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள்.