கைரேகை அறிக்கையும் புதிய ஆலோசகர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பயிற்சி ஆலோசகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உளவியல் படித்தவர்கள், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் பெற்றோர் ஒரு கைரேகை அறிக்கையை மேசையில் வைத்ததும், ஒரு காலத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில் தடுமாறுகிறார்கள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மூளைத் திறனைச் சொல்வதாக விற்கப்படும் அறிக்கை அது. ஜோசியம் வேறு, உளவியல் வேறு என்பது அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"பொருந்துகிறதே" என்று தலையாட்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

செம்பனைக் குலை வெட்டும் அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, இடைநிலைப்பள்ளியில் படிவம் 4க்குப் போகும் மகள். சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய அறிக்கையை விரித்து வைத்து அம்மா சொன்னார்: "நம்ம பிள்ளைய அப்படியே எழுதி வச்சிருக்காங்க, டீச்சர். முதல்ல கூச்சப்படுவா, பழகிட்டா கலகலன்னு பேசுவா." பக்கத்தில் இருந்த பயிற்சி ஆலோசகர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சில விஷயம் சரியாத்தான் இருக்கும்மா" என்றார். மரியாதைக்காகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த பக்கத்தில் "கணிதத் திறன் குறைவு" என்று இருந்தது. முதல் பக்கத்துக்குக் கொடுத்த ஒப்புதல் அந்த வரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கணிதத்தில் நல்ல புள்ளிகள் வாங்கிவந்த பெண் கூடுதல் கணிதம் என்ற விருப்பப் பாடத்தை எடுக்கவில்லை. அவளுடைய தேர்வு முடிவுகள் பள்ளிக் கோப்பிலேயே இருந்தன. அவற்றை எடுத்துக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "உங்கள் முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. கூச்சமும் கலகலப்பும் எந்தப் பிள்ளையிடம்தான் இல்லை? யாருக்கும் பொருந்தும் வரிகள் நம்பிக்கையைச் சம்பாதித்துத் தருகின்றன. ஒரு பிள்ளையின் பாதையையே மாற்றும் வரி அந்த நம்பிக்கையில் ஏறி உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே "பொருந்துகிறதா?" என்று கேட்காதீர்கள். "வேறு பிள்ளைக்குப் பொருந்தாமல் போகுமா?" என்று கேளுங்கள். முடிந்தால், சம்மதம் வாங்கிக்கொண்டு, நாலைந்து பிள்ளைகளின் அறிக்கைகளில் பெயரை மறைத்துவிட்டு, "இதில் உங்கள் மகள் யார்?" என்று அம்மாவையே எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: எது நடந்தால் இந்த அறிக்கை தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்? பிள்ளை கணிதத்தில் நன்றாகச் செய்தால் "உழைப்பு", செய்யாவிட்டால் "ரேகை" என்று பதில் வந்தால், அது சோதிக்கவே முடியாத கூற்று. தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் அறிவியலுக்கு எல்லைக்கோடு போட்டது இந்த இடத்தில்தான்.

அறிவியல் சொல்லைக் கண்டு அடங்கிப்போவது

இந்த அறிக்கைகள் துணைக்கு அழைக்கும் தோல் ரேகை ஆய்வு (dermatoglyphics) உண்மையான துறை. ஹெரால்ட் கம்மின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1926இல் அதற்குப் பெயர் வைத்தார். ரேகைகள் கருவிலேயே உருவாகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் சில ரேகை அமைப்புகள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதும் சரி. ஆனால் மரபணுக் கோளாறு ஒன்றோடு உள்ள தொடர்பு, ஒரு சாதாரணப் பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா என்பதைச் சொல்லிவிடாது. இந்த அறிக்கைகளில் அமெரிக்க உளவியலாளர் ஹவர்ட் கார்ட்னரின் பெயரும் வரும். அறிவு ஒன்றல்ல, பல வகை என்று 1983இல் அவர் முன்வைத்த பன்முக அறிவுக் கோட்பாட்டில் கைரேகைக்கு இடமே கிடையாது.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்

இடது மூளை ஓங்கியவருக்குக் கணக்கு, வலது மூளை ஓங்கியவருக்குக் கலை என்பார்கள். அப்படி இரண்டு வகை மனிதர்கள் இல்லை.

நம் பக்கத்துக் கட்டுக்கதையை விட்டுவைப்பது

கைரேகையைக் கண்டிக்கிற அதே ஆலோசகர், "இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்" என்று பிரித்து அட்டவணை போடுகிறார். 2008இல் ஹரல்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அதற்கான ஆய்வுகளை அலசினார்கள். அந்தப் பிரிவுக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது சான்றாகாது.

உளவியல் ஆய்விதழில் வந்துவிட்டால் மெய் என்றும் எண்ண வேண்டாம். 2015இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான் பழைய முடிவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தது. அதைத் தேடிப்பிடித்து வெளியிட்டவர்களும் உளவியலாளர்களே. கைரேகை விற்பவர்களிடம் இப்படி ஒரு கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோரைக் குறைசொல்வது

ஒருபோதும் கூடாது.

பதிவைக் கேட்காமல் விடுவது

1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, இந்த நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அறிக்கையைக் கையில் கொடுத்து "ஆலோசனை" சொன்னவர் யார், பதிவு எண் என்ன என்று பெற்றோரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். பதிவு எண் இருந்தால் ஆள் யார் என்று தெரியும், அவ்வளவுதான். அறிக்கையில் உள்ளதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.