பராமரிப்புத் திட்டத்தில் ஆளைக் காணோம்: முதியோர் இல்லங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதையொட்டிய சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது இன்று அதிசயம் அல்ல. மகன் ஜோஹானஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பான்; உள்ளூரில் இருக்கும் மகளுக்கே அறுபது வயது தாண்டியிருக்கும். எழுப்பி உட்கார வைக்க ஆள், குளிப்பாட்ட ஆள், இரவில் திருப்பிப் படுக்க வைக்க ஆள் என்ற நிலை வந்தபின் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. சேர்த்ததற்காக யாரும் தலைகுனிய வேண்டாம். சேர்த்த பிறகு அங்கே எழுதப்படும் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றி மட்டும் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

ஒருவரை எப்படி எழுப்புவது, என்ன ஊட்டுவது, வலித்தால் என்ன செய்வது, எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் தாள்தான் அந்தத் திட்டம். எழுதுவது சிஸ்டர் என்று அழைக்கப்படும் செவிலியர், செய்வது பராமரிப்பாளர், அனுபவிப்பது கட்டிலில் இருப்பவர். பல ஆண்டுகளாக இந்த இல்லங்களுக்குப் போய்வரும் நான் பார்த்த ஃபைல்களில் பலவும், பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்துக் கட்டிலுக்கும் அப்படியே பொருந்தக்கூடியவை. ஒரு திட்டம் நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனை போதும். இரவுப் பணிக்குப் புதிதாக வந்த பராமரிப்பாளர் 2 மணிக்கு அந்தத் தாளைப் புரட்டினால், விழித்துக்கொண்டு அழும் இந்த ஒருவரை எப்படி ஆற்றுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தத் தாள் ஃபைலில் இருந்தும் இல்லாததே.

நோயை எழுதிவிட்டு ஆளை விட்டுவிடுவது

"சர்க்கரை, இரத்த அழுத்தம், மறதி நோய், டயபர், உதவியுடன் நடை." இப்படி ஒரே வரியில் ஒரு வாழ்க்கையை முடித்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

டர்பனின் வார்விக் பகுதி அதிகாலைச் சந்தையில் காலமெல்லாம் காய்கறி விற்ற ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து 3 மணிக்கு எழுந்து, கீரைக்கட்டுகளை அடுக்கி, லாரியில் ஏற்றி, விடிவதற்குள் கடை விரித்தவர். இப்போது 87 வயதில், மறதி நோயுடன், இல்லத்திலும் 3 மணிக்கு எழுகிறார். தாளில் என்ன எழுதுகிறார்கள்? "இரவில் அலைகிறார், அமைதியின்மை, தூக்க மருந்து தேவை." மருந்து கொடுத்த மறுநாள் பகலெல்லாம் தலை தொங்குகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுகிறார். பிறகு "விழும் அபாயம் அதிகம்" என்று இன்னொரு வரி சேர்கிறது.

அதே தாளில் இப்படி எழுதியிருக்கலாம்: "3 மணிக்கு எழுவார், சந்தைக்குப் போன காலத்துப் பழக்கம். செருப்பு மாட்டி, சால்வை போர்த்தி, சமையலறைக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடி நாற்காலியில் உட்கார வைக்கவும். அரைக் கோப்பைப் பால் தேநீர். ஒரு கட்டுக் கீரையைக் கையில் கொடுத்தால் ஆய்ந்துகொண்டிருப்பார். 5 மணிக்குத் தானே படுக்கக் கேட்பார்." இதற்குச் செலவு ஒரு கட்டுக் கீரை. மாத்திரையோ ஆபத்தானது. மனநோய்க்கான மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களை அடக்கக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் பழக்கம் வேறு, திடீரென்று வந்த மாற்றம் வேறு. நேற்றுவரை நன்றாகத் தூங்கியவர் இன்று இரவு எழுந்து குழம்பினால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மாத்திரை ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். அதைப் பழக்கம் என்று எழுதி விட்டுவிடக் கூடாது.

கையெழுத்துப் போடுபவரை மட்டும் கேட்பது

திட்டக் கூட்டம் பெரும்பாலும் அலுவலக அறையில் நடக்கும். சிஸ்டர், சமூக சேவகர், கட்டணம் கட்டும் மகன் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காகக் கூட்டமோ அவர் வராந்தாவில் இருப்பார். "அவருக்கு ஒன்றும் புரியாது" என்பார்கள். மறதி நோய் முற்றிய பலராலும் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று காட்ட முடியும். கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. காது மெஷினையும் கண்ணாடியையும் பல்செட்டையும் மாட்டிவிட்டு, களைப்பில்லாத காலை வேளையில், எதிரே உட்கார்ந்து, இரண்டு பொருளைக் காட்டிக் கேளுங்கள். இந்தச் சேலையா, அந்தக் கவுனா? இப்போது குளியலா, சாப்பிட்ட பிறகா?

நம் ஆட்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. "உங்களுக்கு என்ன வேண்டும் ஆன்ட்டி?" என்று கேட்டால், "எனக்கு ஒன்றும் வேண்டாம் அம்மா, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றுதான் பதில் வரும். அந்த மரியாதையை விருப்பமாக எழுதிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது முறை வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: "வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள்?" அப்போதுதான் தலைக்குக் குளிப்பது, விளக்கேற்றுவது, புதுத் துணி எல்லாம் வெளியே வரும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஜூலு பேசும் பராமரிப்பாளர் அன்போடு கோகோ (பாட்டி) என்று அழைப்பதில் சிலர் மனம் குளிர்கிறார்கள். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் தன்னை டீச்சர் என்று அழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம்.

பெயரைப் பார்த்து மதத்தை நிரப்புவது

நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி என்று குடும்பப் பெயர் இருந்தால் இந்து என்று எழுதிவிடுவது இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஏங்கும் ஒருவரைச் செவ்வாய்க்கிழமை பஜனையில் உட்கார வைத்துவிட்டு, "கலந்துகொள்ள மறுக்கிறார்" என்று குறிப்பு எழுதுகிறார்கள்.

இதைவிடக் கடினமானது ஒரே குடும்பத்துக்குள் நடப்பது. தாய் ஆண்டுதோறும் காவடிக்கு விரதம் இருந்தவர். மகன் மனம் மாறிக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். "அம்மாவுக்குத் திருநீறு வைக்காதீர்கள், சாமி படம் வேண்டாம்" என்று மகன் இல்லத்தில் சொல்லிவிடுகிறார். கட்டணம் கட்டுபவர் சொன்னார் என்று இல்லமும் அதை எழுதிக்கொள்கிறது. மகனுடைய நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நெற்றி தாயுடையது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இல்லத்தில் வாழ்பவருக்குத் தாம் விரும்பும் சமய, சமூக நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளவும், தமது சொந்தப் பொருள்களை வைத்துப் பயன்படுத்தவும் உரிமை உண்டு. சிஸ்டர்கள் மகனிடம் இதைப் பணிவோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

சைவம், அசைவம் என்று இரண்டு கட்டம்

உணவுப் பகுதியில் இரண்டு கட்டம் வைத்து ஒன்றில் டிக் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்குள்ள தமிழர் வீடுகள் பலவற்றில் ஆண்டு முழுவதும் மீனும் கோழியும் உண்டு, புரட்டாசி மாதம் முழுவதும் இல்லை. சிலருக்கு வெள்ளி மட்டும் சைவம். நாள்காட்டியோடு சேர்த்து எழுதாவிட்டால், புரட்டாசிச் சனிக்கிழமை தட்டில் கோழிக்கறி வரும், அவர் தட்டைத் தள்ளுவார், "சாப்பிட மறுப்பு" என்று பதிவாகும்.

தளர்ந்த உடம்புக்கு ஒவ்வொரு தள்ளிய தட்டும் கணக்கு. முயற்சி ஏதுமின்றி ஒரு மாதத்தில் எடையில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது அபாய மணி. 50 கிலோ இருந்தவருக்கு ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ போதும். மாதம் ஒருமுறையாவது எடை பார்த்து எழுதாத திட்டத்தை நம்பாதீர்கள்.

விரதம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அன்றைக்கு மருந்தளவு என்ன என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் வழக்கமான அளவு கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இந்த வயதில், இந்தத் தளர்ச்சியில், சர்க்கரை கொஞ்சம் கூடுவதைவிடத் தாழ்வதுதான் பெரிய ஆபத்து. நாற்பது வயதுக்காரருக்குரிய கடும் பத்தியத்தை 88 வயதுக்காரர் மேல் சுமத்தி, அவருக்குப் பிடித்த ஒரே பண்டமான சொஜ்ஜியையும் பிடுங்குவதில் எந்த நன்மையும் இல்லை.

விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சோறு, பருப்பு, பூசணிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சாம்பல் நிறக் குழம்பாகக் கொடுக்கிறார்கள். தனித்தனியாக அரைத்துத் தனித்தனியாக வைத்தால் ருசியாவது தெரியும். ரசம் போன்ற நீர்த்த பொருள்தான் மூச்சுக்குழலுக்குள் எளிதில் போகும். எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதைப் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஊட்டுபவர் ஊகிக்கக் கூடாது.

வாய் திறக்காதவருக்கு வலி இல்லை என்று நினைப்பது

வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கள்கூட மறதி நோய் முற்றும்போது சிறுவயது மொழிக்குத் திரும்புவதுண்டு. பேரப்பிள்ளைகளுக்கே தமிழ் தெரியாத ஊரில், அவர் முனகுவது யாருக்கும் எட்டுவதில்லை. வலி, தாகம், குளிர், கழிப்பறை ஆகியவற்றுக்கு அவர் வீட்டில் சொன்ன சொற்களைக் கேட்டறிந்து, உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் ஜூலுவில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு அது இன்னும் நாவில் இருக்கிறது. சொல்லே வராதவரிடம் முகச் சுளிப்பு, பல்லைக் கடிப்பது, தொட்டால் கையை இழுத்துக்கொள்வது ஆகியவைதான் வலியின் குறி. குளிப்பாட்டும்போது அடிக்கிறார் என்று எழுதுமுன் தோள்மூட்டைப் பாருங்கள்.

விழக்கூடாது என்று கட்டிப்போடுவது

கட்டிலின் இரு பக்கமும் கம்பியை உயர்த்திவிட்டால் பாதுகாப்பு என்று குடும்பங்களும் நம்புகின்றன. குழப்பத்தில் உள்ளவர் கம்பியின் மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். தாழ்வான கட்டில், எட்டும் தூரத்தில் அழைப்பு மணி, நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது ஆகியவையே பலன் தருபவை. படுக்கையிலேயே கிடத்தினால் சில நாட்களிலேயே தொடைச் சதை கரையும்.

பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று சும்மா இருப்பது

குடும்பங்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அப்பாவின் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் முத்திரையிட்ட பத்திரம் மகனிடம் இருக்கும். அது என்றைக்கும் செல்லும் என்று நினைப்பார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் மனத்திறனை இழந்தவுடன் அந்த அதிகாரமும் காலாவதியாகிவிடும். சரியாக அது தேவைப்படும் நேரத்தில்தான் செல்லாது. அதன்பின் சொத்தைக் கையாள உயர் நீதிமன்றம் மூலம் பொறுப்பாளரையோ, 2002ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்படி நிர்வாகியையோ நியமிக்க வேண்டியிருக்கும்.

சிகிச்சை முடிவுகள் தனி. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், தம்மால் சம்மதம் தர இயலாதபோது தமக்காகச் சம்மதம் தருபவரை ஒருவர் எழுத்து மூலம் நியமிக்க இடம் தருகிறது. அப்படி யாரும் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தோர் என்ற வரிசையில் போகும். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருமகள் அந்த வரிசையில் இல்லை. மாமியார் அவரைத்தான் நம்புகிறார் என்றால், தெளிவோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஃபைலில் வையுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போட்டால், நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முன்னால் நின்றுகொண்டு பேச வேண்டிவரும்.

தேதி போட்டு மூடிவிடுவது

ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வு போதாது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் உருவான தளர்ச்சி அளவுகோலில் 9 படிகள் உண்டு; எண் கூடக்கூடத் தளர்ச்சியும் கூடுகிறது என்று பொருள். 6ஆம் படியில் இருந்தவர் ஒரு நிமோனியாவுக்குப் பின் 8க்குப் போய்விடலாம். மருத்துவமனையிலிருந்து திரும்பினால், விழுந்தால், துணையை இழந்தால் உடனே திட்டத்தைத் திறக்க வேண்டும். திரும்பி வருபவரோடு வரும் புதிய மாத்திரைகளைப் பழையவற்றோடு ஒப்பிட வேண்டும். மின்வெட்டையும் எழுதுங்கள்: படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை மின்சாரம் போனால் தட்டையாகிவிடும், அப்போது யார், எந்த நேரத்தில் திருப்பிப் படுக்க வைப்பது?

இத்தனையும் தடித்த ஃபைலில் அலுவலக அலமாரிக்குள் கிடந்தால் இரவுப் பணியாளருக்குப் பயன் இல்லை. ஒரே ஒரு பக்கச் சுருக்கத்தைக் கட்டிலருகே இழுப்பறையில் வைக்கச் சொல்லுங்கள். நோய் விவரத்தையும் டயபர் விவரத்தையும் சுவரில் ஒட்ட விடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லும்போது, சக்கர நாற்காலி நுழையும் அறையாகப் பார்த்து, அவர் விழித்திருக்கும் நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.