வில்சன் நோய்: ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகாதீர்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கண் மஞ்சளானால் யாழ்ப்பாணத்தில் செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பது வழக்கம், ஒரு கிழமையில் கண் தெளிந்ததும் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். இன்னொரு பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை நேரத்தில் கையெழுத்துக் கோணலாகும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், வீணீர் வடியும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். அதற்குப் பெயர் சோம்பல், இல்லாவிட்டால் செய்வினை. நூல் கட்டக் கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு பிள்ளைக்குமே வில்சன் நோய் இருக்கலாம்.

1912இல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் விவரித்த பரம்பரை நோய் இது. சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும், ஏடிபி7பி என்ற ஜீன் பழுதானால் அது நடக்காது, செம்பு முதலில் ஈரலிலும் பிறகு மூளையிலும் கண்ணிலும் படியும். செப்புக் குடத்துத் தண்ணீரால் வந்ததோ என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள்.

பரிசோதனையில்தான் கூடுதலாக ஏமாறுகிறோம். இரத்தத்தில் செம்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் 'அப்ப இந்த நோய் இல்லை' என்று நினைப்பது பெரிய பிழை. செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைவதால் இந்த நோயில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே காட்டும். செருலோபிளாஸ்மின் டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. உடலில் அழற்சி, கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை எல்லாம் அதை உயர்த்திவிடும். கருவிழி ஓரத்துப் பச்சை கலந்த பழுப்பு வளையத்தைக் கண் வைத்தியர் சிலிற் லாம்ப் என்ற கருவியில் பார்க்க வேண்டும், வெறுங்கண்ணால் தேடிவிட்டு இல்லை என்று சொல்லக்கூடாது, ஈரல் மட்டும் பாதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த வளையமே இருக்காது.

24 மணிநேரச் சிறுநீரைச் சரியாகச் சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. காலையில் முதல் போவதை விட்டுவிடுங்கள், பிறகு மறுநாள் காலை முதல் போவது வரை ஒன்றுவிடாமல் சேருங்கள், அதுவும் லாப் தரும் செம்பு கலக்காத பாத்திரத்தில் மட்டும், வீட்டுப் போத்தல் வேண்டாம். அந்தச் சிறுநீரில் செம்பு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும், பிள்ளைகளில் 40 தாண்டினாலே கவனிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தெளிவில்லை என்றால் ஜீன் பரிசோதனையோ ஈரலில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயொப்சியோ தேவைப்படும்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. செம்பைக் குறைக்கும் மருந்தான பெனிசிலமைனோ சிங்க்கோ தொடங்கிச் சுகமானதும் நிறுத்திவிடாதீர்கள், ஈரல் திடீரென்று செயலிழந்து உயிரே போகலாம். கர்ப்பமானாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது, வைத்தியர் அளவை மாற்றித் தருவார்.

எனக்கு ஆகக் கவலை தருவது, கலியாணம் குழம்பும் என்று பரம்பரை வியாதியைச் சொந்தத்துக்குள்ளேயே மறைப்பது. தாய் தகப்பன் இருவரும் சுகமாக இருந்தும் பழுதான ஜீனைச் சுமக்கலாம், மச்சான் மச்சாள் கலியாணத்தில் அந்த வாய்ப்புக் கூடும். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அறிகுறி வருவதற்கு முன்னமே மருந்து தொடங்கினால் ஈரலையும் மூளையையும் காப்பாற்றலாம், அதனால் ஓடியாடித் திரியும் தம்பி தங்கச்சியையும் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.